கோமதி மேல் நான் எழுதிய புகார்

முப்பத்தெட்டு வருஷம் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவன் நான். அதில் கடைசிப் பதினொரு வருஷம் சப் போஸ்ட்மாஸ்டர். தாசில்தார் மேல், ஏட்டையா மேல், தாலி கட்டிய புருஷன் மேல் என்று ஊரார் எழுதிய புகார்கள் எத்தனையோ என் கையால் முத்திரை வாங்கிப் போயிருக்கின்றன. நானே எழுதிய புகார் ஒன்றே ஒன்றுதான். முக்கூடல் கோமதி மேல் எழுதினேன். எழுதும்போது அவளை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. போட்டோவைத்தான் பார்த்திருந்தேன்.

அந்தப் போட்டோ அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆவுடை மெடிக்கல்ஸ் என்ற மருந்துக்கடையின் சுவரில், ஒரு சான்றிதழின் மூலையில் ஒட்டியிருந்தது. மருந்துக்கடை வைத்தால் அரசாங்கத்தில் பதிவு செய்த மருந்தாளுநர் ஒருவர் கடையில் இருக்க வேண்டும். அவருடைய சான்றிதழைச் சட்டம் போட்டு வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. இரட்டைச் சடை, சாந்துப் பொட்டு, இருபது வயசுக்கு மேல் போகாத முகம். கீழே வை. கோமதி என்று பெயர், பதிவு எண், 1973 என்று வருஷம். மருந்து வாங்கக் காத்து நிற்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை.

என் கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பெயர் சுவிசேஷமுத்து. மனைவி சாரம்மாள் போய்ச் சேர்ந்து அப்போது நாலு வருஷம். ஒரே மகன் ஜோஷுவா பிலாயில் உருக்காலையில் இருக்கிறான். மாதம் ஒரு கடிதம் போடுவான். எனக்குச் சர்க்கரை உண்டு. வியாதியைச் சொல்கிறேன், பேச்சை அல்ல. மூக்குக்கு மேல் கோபம் வரும் மனுஷன் என்று சாரம்மாள் சொல்வாள். இப்போது அப்படிச் சொல்லவும் ஆள் இல்லை.

1993 பிப்ரவரியில் டாக்டர் எனக்கு மாத்திரையை மாற்றி எழுதினார். இரண்டரை மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆவுடை மெடிக்கல்ஸில் வாங்கினேன். கவுண்டரில் நின்றவன் அதற்கு முன் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த ஆள். அதே வேகத்தில் அட்டையைக் கிழித்துக் கொடுத்தான். ஒரு தபால்தலை கால் அங்குலம் கோணலாக ஒட்டியிருந்தால் கண்டுபிடிக்கிற நான், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதில் ஐந்து என்று போட்டிருந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் புறப்பட வேட்டி கட்டிக்கொண்டு, காப்பி போடச் சமையலறைக்குள் போனேன். உடம்பெல்லாம் வேர்த்தது. சீனி டப்பாவைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தரையில் கிடந்தேன். இடுப்புக்குக் கீழே வலது கால் அசையவில்லை. சீனி என்னைச் சுற்றிக் கொட்டிக் கிடந்தது. விரலால் தொட்டுத் தொட்டு அதைத் தின்றேன். எறும்புகளும் வந்தன. அவற்றோடு பங்கு போட்டுத்தான் பிழைத்தேன் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை பால் கொண்டு வந்த இசக்கியம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கூச்சல் போடும் வரை அப்படியே கிடந்தேன். இருபத்தொரு மணி நேரம். கோயிலில் மூன்றாவது பெஞ்சு இடது ஓரம் என்னுடைய இடம். பதினாறு வருஷமாக மழைக்கும் வெயிலுக்கும் தவறியதில்லை. அன்று அந்த இடம் காலியாக இருந்திருக்கிறது. ஆராதனை முடிந்து இருநூறு பேர் வெளியே வந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் என் வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால், என் கோபமெல்லாம் அதன் மேல்தான் என்று தெரிகிறது. ஆனால் இருநூறு பேர் மேல் புகார் எழுத முடியுமா? மருந்துக்கடை மேல் எழுதலாம்.

காலில் கட்டோடு, கைத்தடி ஊன்றிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி ஆவுடைநாயகம் இருந்தார். டாக்டர் சீட்டையும் அட்டையையும் காட்டினேன்.

"என்ன அண்ணாச்சி, ரெண்டரைக்கு அஞ்சு. கூடத்தானே குடுத்திருக்கு, குறைச்சா குடுத்துட்டோம்?" என்றார்.

"ஏம்வே, எமன்கிட்டயும் இப்படித்தான் கூடப் போட்டு வாங்குவீரா? இங்க மருந்தாளுநர் யாரு?"

அவர் கண்ணைக்கூட உயர்த்தவில்லை. பெருவிரலை மட்டும் தோளுக்குப் பின்னால் காட்டினார். "அங்கன இருக்குல்லா."

அங்கே கண்ணாடிக்குள் இரட்டைச் சடை இருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயரையும் பதிவு எண்ணையும் டாக்டர் சீட்டின் பின்னாலேயே குறித்துக்கொண்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்று கால்தான்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். கொடுத்தவன் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் இல்லாமல் எழுத என் கை வரவில்லை. இலாகாவில் பெயரும் விலாசமும் புரியாத தபால்களை ஒரு தனி ஆபீசுக்கு அனுப்பிவிடுவோம். அங்கே போனது பெரும்பாலும் திரும்பாது. என் புகாருக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தேன். அதனால் சுவரில் இருந்த பெயரை எழுதினேன். அதோடு நின்றிருந்தாலும் பாவமில்லை. "மேற்படி மருந்தாளுநர் வை. கோமதி என்பவர், டாக்டர் சீட்டைச் சரிவரப் பாராமல், அஜாக்கிரதையாக, தம் கையால் மேற்படி மாத்திரையை என்னிடம் கொடுத்தார்" என்று எழுதினேன். வாசகம் நன்றாக அமைந்தது. இரண்டு பிரதி, ஒன்று மருந்து இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று சென்னைக்கு, மருந்தாளுநர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலுக்கு. ஒப்புதல் அட்டையோடு ரிஜிஸ்தர் தபால்.

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற ஒன்பதாம் கட்டளையைச் சின்ன வயசிலிருந்து சொல்லி வருகிறவன் நான். அந்த வரியை எழுதும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதற்கு நாலு நாள் முன்னால், பகல் பதினொரு மணி இருக்கும், வாசல் கிராதியைத் தட்டும் சத்தம் கேட்டது. பருத்திச் சேலை, கையில் ஒரு துணிப்பை, மூக்குக் கண்ணாடி. காதோரம் நரைத்திருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடைச் சுவரில் இருந்த முகத்துக்கு இருபது வயசு கூடியிருந்தது.

"சுவிசேஷமுத்து சார் வீடு இதானே? நான் கோமதி. முக்கூடல்லேருந்து வாரேன்."

தெருமுனை டீக்கடையில் ஆவுடைநாயகம் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணன்தான் கூட்டியாந்தாவ" என்று அவள் சொன்னபோதுதான் அவர் இவளுடைய அண்ணன் என்பதே எனக்குத் தெரியும்.

உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினேன். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து என் பக்கத்து நியாயங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"விசாரணையில நீங்க எழுதினபடியே சொல்லிருங்க சார். நான்தான் மாத்திரை குடுத்தேன்னு."

"நீ குடுக்கலையேம்மா."

"குடுக்கலதான். ஆனா நீங்க எழுதிட்டியள்லா. நான் குடுத்தேன்னா அது கவனக்குறைவு. ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாவளாம். நான் கடையிலயே இல்லன்னு ஆயிட்டுன்னா கடை லைசென்சும் போயிரும், என் பேரையும் பதிவுலேருந்து அடிச்சிருவாவ. அண்ணன் விசாரிச்சுட்டு வந்து சொன்னாவ."

ஆக, என் பொய்தான் அவளைக் காப்பாற்றும். உண்மையைச் சொன்னால் அவள் பெயர் போய்விடும். நியாயம் கேட்கப் போன எனக்கு இது தேவைதான்.

"நீ அந்தக் கடைக்கு வாரதே இல்லையா?" என்றேன்.

"பஸ்ஸுல போகும்போது பாத்திருக்கேன். ஜன்னல் சீட்டு கெடைச்சா போர்டு தெரியும்."

சிரிக்காமல்தான் சொன்னாள். அப்புறம் நான் கேட்கக் கேட்க, பைய ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருபது வருஷமாக யாரும் கேட்காத கதை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறினாள்.

அப்பா வைத்தியலிங்கம் பிள்ளை. நிலமெல்லாம் கைவிட்டுப் போனபின் மகளைப் படிக்க வைத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். மதுரைக்கு அனுப்பினார். விடுதிச் சாப்பாடும், ஆய்வகத்தில் தராசும், எடைக் கற்களை இடுக்கியால் எடுத்து வைப்பதும் எப்படி என்று சொல்லும்போது அவள் கை தானாகவே காற்றில் எதையோ எடுத்து வைத்தது. படித்து முடித்துப் பதிவு செய்துகொண்டு ஊருக்கு வந்தாள். ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலை உத்தரவும் வந்தது. அதற்குள் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அதே மாதம் அண்ணன் மருந்துக்கடைக்கு ஏற்பாடு செய்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டினார்.

"ஒரு சர்டிபிகேட் ஒரு எடத்துலதான் இருக்கணும் சார். அது வேலைக்குப் போயிட்டு. அதனால நான் போக முடியல."

"அந்தக் கடையிலயே நின்னிருக்கலாமேம்மா. சொந்தக் கடைதானே?"

"கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, போறவன் வாரவன் எல்லாம் பாக்க, நம்ம வீட்டுப் பொம்பளப்பிள்ள கவுண்டர்ல நிக்கதான்னாவ. போட்டோவ மட்டும் போறவன் வாரவன் பாக்கலாம் போலுக்கு."

கல்யாணப் பேச்சும் வந்திருக்கிறது. முதலில் கல்லிடைக்குறிச்சி, அப்புறம் கடையம், கடைசியாக வள்ளியூர் பக்கம் ஒரு வாத்தியார். மூன்றும் ஜாதகம் பொருந்தவில்லை என்று தட்டிப்போயின. பெண் போனால் சான்றிதழும் கூடப் போகும் அல்லவா? ஜாதகத்துக்கு அது தெரிந்திருக்கிறது. முப்பது வயசுக்கு மேல் யாரும் கேட்டு வரவில்லை. அப்பாவும் போய்விட்டார். அண்ணன் வீட்டில் பின்கட்டில் ஒரு அறை. அவ்வப்போது அண்ணன் லைசென்சுக்கான பாரத்தைக் கொண்டு வந்து நீட்டுவார், கையெழுத்துப் போடுவாள். மருந்தாளுநர் கோமதி செய்த வேலை மொத்தமும் அவ்வளவுதான்.

"புகார் நகல் வந்தப்ப அண்ணன் எனக்குக் காட்டாம வச்சுரத்தான் பாத்தாவ. ஆனா ரிஜிஸ்தர் தபாலு. பேருக்கு உடையவுக கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பேன்னு போஸ்ட்மேன் வாசல்ல நின்னுட்டாரு. எனக்கு வந்த மொத ரிஜிஸ்தர் தபால் சார் அது. மருந்தாளுநர் வை. கோமதின்னு மேல எழுதியிருந்து."

இலாகாவின் மேல் எனக்குப் பெருமை வந்த அதே நொடியில் வெட்கமும் வந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். மாத்திரை நேரம் தவறிப்போயிருந்தது. எழுந்து மாடத்தில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தேன். என் மாத்திரைகளெல்லாம் அதில்தான் கிடந்தன.

"சாப்பிட்டாச்சா சார்?" என்றாள்.

நம்மூரில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். தெருவில் எதிர்ப்படுகிறவன் கேட்டுக்கொண்டே நம்மைத் தாண்டிப் போய்விடுவான். இவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். சாரம்மாள் போனபின் அப்படிக் காத்திருந்தவர் யாரும் இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப தொடாதிய. வெறும் வயித்துல இதப் போட்டுட்டுச் சாப்பாட்டத் தள்ளிப் போட்டா மறுபடியும் விழுந்துருவிய. மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க."

ஹோட்டலில் வாங்கிய இட்லி இருந்தது. நான் தின்று முடிப்பதற்குள் அவள் பின்வாசலில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு சுளகு கேட்டாள். சாரம்மாள் அரிசி புடைத்த சுளகில் டின்னைக் கவிழ்த்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, காலாவதியானதை ஒரு பக்கம், சேர்த்துத் தின்னக்கூடாததை ஒரு பக்கம் என்று பிரித்தாள். கால் வலிக்காக எனக்குப் புதிதாகத் தந்திருந்த மாத்திரையில் அவள் விரல் நின்றது.

"இது சுகர் மாத்திரையோட வேலையக் கூட்டிரும் சார். டாக்டர்ட்ட இதையும் திங்கேன்னு சொன்னியளா?"

சொல்லவில்லை. வேறு டாக்டர் கொடுத்தது அது.

"இதெல்லாம் காலேஜுல படிச்சது இன்னுமா ஞாபகம் இருக்கு?"

"இது நான் படிச்சப்ப வராத மருந்து. கடையில காலியான அட்டப்பெட்டி எல்லாம் அடுப்பெரிக்க எங்க வீட்டுக்குத்தான் வரும். அதுக்குள்ள மடிச்சு வச்சிருக்க பேப்பர மட்டும் நான் எடுத்துக்கிடுவேன். பொடி எழுத்துல எல்லாம் போட்டிருக்கும். இருபது வருஷத்துப் பேப்பர் டிரங்குப் பெட்டியில இருக்கு. மதினி பைத்தியம்பா."

அவள் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் நேரத்தை எழுதி வைத்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்த பெண் இவளல்ல. தெருவிலிருந்து ஆவுடைநாயகம், "ஏ கோமு, பஸ் வந்துரும்" என்று சத்தம் கொடுத்தபின்தான் வந்த காரியம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எழுதினபடியே சொல்லிருவியள்லா சார்? அந்தப் பேரு ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

சொல்கிறேன் என்றேன்.

விசாரணை பாளையங்கோட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. ஆவுடைநாயகம் வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். கோமதி அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள். நின்றால்கூடச் சுவரோரம்தான்.

அதிகாரி என் புகாரை வாசித்துவிட்டு, "இந்த அம்மாதான் உங்ககிட்ட மாத்திரை கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

1981இல், ஒப்புதல் அட்டையில் யாரோ ஒரு கிழவிக்காகத் தானே கையெழுத்துப் போட்ட ஒரு போஸ்ட்மேனை, காலில் விழுந்தும் கேட்காமல் சஸ்பெண்ட் செய்ய எழுதியவன் நான். இலாகாவில் பொய்க்கு இடமில்லை என்று அவனிடம் பிரசங்கம் வேறு செய்தேன். அவன் முகம் அப்போது கண் முன்னால் வந்தது.

"ஆமா," என்றேன்.

குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஆவுடைநாயகம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

கோமதி முன்னால் வந்தாள். "அந்தச் சீட்டையும் அட்டையையும் பாக்கலாமா சார்?" என்று கேட்டு வாங்கினாள். சீட்டைப் படித்தாள். அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எழுதியிருக்கது ரெண்டரை. குடுத்திருக்கது அஞ்சு."

"அது தெரியும்மா. கவனக்குறைவா கொடுத்தது நீங்கதான்னு எழுதிக்கலாமா?"

குமாஸ்தா பேனாவைத் தாளில் வைத்துவிட்டார். ஆவுடைநாயகம் தொண்டையைச் செருமினார். கோமதி அட்டையை மேஜை மேல் வைத்தாள்.

"நான் குடுத்திருந்தா இதக் குடுத்திருக்க மாட்டேன் சார்."

"அப்படின்னா?"

"நான் அந்தக் கடைக்குள்ள ஒரு நாளும் கால் வச்சதில்ல."

அதிகாரி என் பக்கம் திரும்பி, "சார், இப்பத்தான ஆமான்னு சொன்னீங்க?" என்றார். அறுபத்திரண்டு வயசில், ரிட்டயர்டு சப் போஸ்ட்மாஸ்டர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றேன். "பொய் சொல்லிட்டேன்," என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயசானவர் என்று விட்டுவிட்டார்.

கீழே இறங்கி வந்தபோது ஆவுடைநாயகம் தங்கையைத் திரும்பிப் பாராமல் ஒரு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். கோமதி வேப்பமரத்தடியில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

"ஏம்மா, நீயே வந்து சொல்லச் சொல்லிட்டு, நீயே இப்படிப் பண்ணிட்டியே! அந்தப் பேரு ஒண்ணுதான் இருக்குன்னியே!"

"அதனாலதான் சார். அந்த எழுதுறவரு பேனாவத் தாள்ல வச்சுட்டாரு. தப்பு மாத்திரை குடுத்தவ கோமதின்னு எழுதிருவாரு. அந்தப் பேர வச்சு நான் என்ன செய்ய?"

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தேன். அவள் முக்கூடல் பஸ்ஸில் ஏறினாள், நான் அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்காகக் கீழே நின்றேன். ஜன்னல் சீட்டு கிடைத்திருந்தது அவளுக்கு. பஸ் நகரும்போது, "அந்தக் கால் வலி மாத்திரைய நிப்பாட்டிட்டியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று கையைக் காட்டினேன். அதுவாவது உண்மை.

ஆறு மாதத்தில் அவள் பெயர் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. எனக்கும் ஒரு நகல் வந்தது; புகார்தாரர் அல்லவா? "தங்கள் புகாரின் பேரில்" என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்க எனக்குக் கொஞ்ச நாளாயிற்று. கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது, அப்புறம் திறந்துவிட்டார்கள். சுவரில் இப்போது கண்ணாடி போட்ட ஒரு இளைஞனின் போட்டோ இருக்கிறது. அவனையும் யாரும் பார்த்ததில்லை. ஜவுளிக்கடை ஆளே இன்னும் அட்டையைக் கிழித்துக் கொடுக்கிறான். நான் அங்கே வாங்குவதில்லை. இன்னொரு புகார் எழுதலாமே என்று இசக்கியம்மாகூடக் கேட்டாள். சுவரில் இருக்கும் பெயரை எழுத எனக்குத் தைரியமில்லை.

ஒரு தடவை முக்கூடலுக்குப் போனேன். பீடி சுற்றும் பெண்கள் வீட்டைக் காட்டினார்கள். ஆவுடைநாயகமே வாசலுக்கு வந்தார். "அவ ஆத்துக்குப் போயிருக்கா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஆற்றுப் படித்துறையில் போய்ப் பார்த்தேன். இரண்டு எருமைகளும் ஒரு வண்ணாரும் இருந்தார்கள். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பினேன்.

பிறகு ஒரு கார்டு போட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து, ஐந்து கார்டைக் கிழித்துப் போட்டு, கடைசியில் டாக்டர் எனக்கு மறுபடியும் மருந்தை மாற்றியிருக்கிறார் என்று மட்டும் எழுதி, மருந்துகளின் பெயர்களைக் கீழே வரிசையாக எழுதினேன். யாருக்கு எது தெரியுமோ அதைத்தானே எழுத முடியும்?

பதினேழு நாள் கழித்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. நலமா என்று இல்லை. அண்ணனைப் பற்றி, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் மாதிரி, பொடி எழுத்தில், மூன்று பக்கமும் நிறைய. எந்த மாத்திரை எப்போது, எதற்கு முன், எதற்குப் பின், எதோடு சேரக்கூடாது, வேர்த்துக் கண் இருட்டினால் முதலில் என்ன செய்ய வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் சீனி இருக்கட்டும். வீட்டுச் சாவி ஒன்றைப் பால்காரம்மாவிடம் கொடுத்து வையுங்கள். கடைசியில், வை. கோமதி என்று கையெழுத்து. அதற்குக் கீழே அந்தப் பதிவு எண். எழுதிவிட்டு, இப்போது செல்லாது என்று நினைவு வந்திருக்க வேண்டும். எண்ணின் மேல் நேராக ஒரு கோடு இழுத்திருந்தாள். கோட்டுக்கு அடியில் எண் நன்றாகத் தெரிந்தது. எனக்கு அது மனப்பாடம். டாக்டர் சீட்டின் பின்னால் என் கையாலேயே எழுதியதுதானே.

அன்று நான் அழுதேன். சாரம்மாளுக்கு அழுததற்கு அப்புறம் அன்றுதான்.

அந்தக் கடிதத்தைப் பிரித்து விரித்து, பஜாரில் சட்டம் போட்டு வாங்கி, சமையலறையில் சீனி டப்பாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். தினமும் காலையில் அதைப் பார்த்து, முதலில் சாப்பிடுகிறேன், பிறகுதான் மாத்திரை. வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பதல்லவா விதி. இந்த வீட்டில் வாடிக்கையாளர் நான் ஒருத்தன்தான்.